வடையும் தெரிந்துவிட்டது, நண்பரின் வருத்தமும் தெரிந்துவிட்டது

கேள்வி: எனக்கு 74 வயது. கொழும்புக் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் தொடர்மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி காலமாகி மூன்று வருடங்கள். ஒரே மகன் ரொறன்ரோவில். சென்ற வருடம் வந்தபோது ஸ்மார்ட்போன் ஒன்று கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனே ஒழுங்குபடுத்தி என் கையில் தந்தான். அன்றிலிருந்து நான் எங்கே போகிறேன் என்பது அவனுக்குத் தெரிகிறது. சார்ஜ் குறைந்தால் கனடாவிலிருந்து அழைப்பு வருகிறது. போன மாதம் காலி வீதியில் ஓர் உளுந்து வடை சாப்பிட்டேன். மறுநாள், "அப்பா, சீனி வருத்தத்தோடு வடையா?" என்று கேட்கிறான். அதையும் பொறுத்துக்கொண்டேன். படம் எடுப்பதோ அனுப்புவதோ எனக்கு விரோதமில்லை. பேத்தியின் படங்களை எங்கள் பழைய அலுவலக நண்பர்கள் 43 பேர் இருக்கும் குழுவுக்கு நானே அனுப்புகிறவன்.

ஆனால் இப்போது நடந்திருப்பது வேறு. தெஹிவளையில் இருக்கும் என் நாற்பது வருட நண்பர், மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எனக்கு மட்டும் குரலில் சொல்லியிருந்தார். பத்தாம் நாள் அவருடைய மகள் கனடாவிலிருந்து அழுதுகொண்டு அவரை அழைத்திருக்கிறாள். அவளுக்குச் சொன்னது என் மருமகள். நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நண்பர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.

1996இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த அன்று கோட்டையிலிருந்து நடந்தே வீடு வந்தவன் நான். அப்போது பன்னிரண்டு வயதான மகன் இரவுவரை ஒழுங்கை முனையில் நின்றிருந்தான். அதன்பிறகு எத்தனையோ சோதனைச் சாவடிகளில் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று பதில் சொன்னேன். இப்போது பெற்ற பிள்ளைக்குச் சொல்கிறேன். அவன் எப்படி அறிகிறான்? இதற்குச் சட்டத்தில் ஏதும் உண்டா? எல்லாவற்றையும் நிறுத்தினால் அவன் மனம் நோகாதா? மின்னஞ்சலில் எழுதினால் அதையும் வாசித்துவிடுவானோ என்று தபாலில் அனுப்புகிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

வடையைக் காட்டிக்கொடுத்தது யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது பிடிபட்டால் மற்றதும் பிடிபடும். நான் சட்டத்தரணி, கருவிகளில் கெட்டிக்காரன் அல்ல. ஆனால் என்னுடன் வேலை செய்யும் கனிஷ்ட சட்டத்தரணி கெட்டிக்காரி. உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டியபோது ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் துப்புத் துலக்கிவிட்டார்.

சார்ஜ் குறைந்ததும் அழைப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் தடயம். கூகுள் மேப்ஸில் ஒருவருடைய இருப்பிடத்தை இன்னொருவருடன் பகிர்ந்து வைத்தால், அவர் போகும் இடமெல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைத் தொட்டால் போனில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். இங்கே மாலை ஐந்து மணி என்றால், கோடையில் ரொறன்ரோவில் காலை ஏழரை. உங்கள் மகன் வேலைக்குப் புறப்படுமுன் கோப்பியோடு உங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறார் போலும்.

ஆனால் புள்ளிக்கு வாசனை கிடையாது. நீங்கள் கடைக்குள் நுழைந்ததை அது சொல்லும், தட்டில் இருந்தது வடையா இடியப்பமா என்று சொல்லாது. ஆகவே வடையை நீங்கள்தான் படம் பிடித்திருக்க வேண்டும். நினைத்துப் பாருங்கள், வாழையிலை, பக்கத்தில் சட்னி, குழுவுக்கு அனுப்ப ஒரு படம்? போனில் கூகுள் கணக்கைத் திறந்து தந்தவர் மகன் என்றால், அது அவருடைய கணக்காகவோ அவரிடம் கடவுச்சொல் இருக்கும் கணக்காகவோ இருக்கும். நீங்கள் எடுக்கும் படங்கள் தாமாகவே அந்தக் கணக்கில் போய்ச் சேர்கின்றன. அவருடைய போனில் அவருடைய பிள்ளையின் படத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் வடையும் வந்து விழுந்திருக்கும். அவர் தேடிப் பிடித்தார் என்று நினைக்கத் தேவையில்லை. கூகுளில் நீங்கள் தேடுபவையும் அதே கணக்கில் பதிவாகக்கூடியவை என்பதால், தயவுசெய்து இந்தப் பதிலை அந்தப் போனில் தேட வேண்டாம்.

நண்பரின் குரற்செய்தி போன வழி வேறு. ஒரு வாட்ஸ்அப் கணக்கைப் போனில் மட்டுமல்லாமல் இன்னும் நான்கு கருவிகளில் இணைத்து வைக்கலாம். போனைப் பிடித்து, கணினியிலோ டேப்லெட்டிலோ தெரியும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை ஒரு தடவை ஸ்கேன் செய்தால் முடிந்தது. பிறகு உங்கள் போன் தலைமாட்டில் அணைந்து கிடந்தாலும், உங்களுக்கு வரும் செய்தி அங்கேயும் வரும். மகன் அந்த இரண்டு மணி நேரத்தில் ஏதோ ஒரு கருவியை, அநேகமாக ஒரு டேப்லெட்டை, இணைத்திருக்கிறார். அது இன்று ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ ஒரு சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. மருமகள் அதைத் திறந்திருக்கிறார்.

வாட்ஸ்அப்பில் 2016 முதல் முனைக்கு முனை குறியாக்கம் இருக்கிறது என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். பேசும் இரண்டு முனைகளுக்கும் நடுவில் எவரும் வாசிக்க முடியாது. ஆனால் உங்கள் முனையிலேயே இன்னொரு நாற்காலி போடப்பட்டிருந்தால் அந்தப் பூட்டு எதைக் காக்கும்?

ஆக, களவாடியவர் எவரும் இல்லை. உளவு மென்பொருளும் இல்லை, தொலைபேசி நிறுவனத்தின் கைவரிசையும் இல்லை. சாதாரண வசதிகள்தாம், உதவி செய்ய வந்த ஒரு பிள்ளை அமைத்துவிட்டுப் போனவை. இதில் உங்களுக்கு ஆறுதல் இருக்கிறதா, கூடுதலாக நோகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும் எனக்கும் கூச்சம் உண்டு. என் வாட்ஸ்அப்பை அலுவலகக் கணினியில் இணைத்துவிட்டு மறந்து இரண்டு வருடம் இருந்தேன். தட்டச்சுச் செய்யும் பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி, "சேர், இது உங்களுக்குரியது, நான் பார்க்கவில்லை" என்று திரையைத் திருப்பிக் காட்டியது. விவாகரத்து வழக்கு ஒன்றின் கட்சிக்காரர் அனுப்பியிருந்த படங்கள். கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் சொன்னதை வெளியே விடக்கூடாது என்று எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பரீட்சைக்கு மனனம் செய்தவன் நான். அந்தக் கட்சிக்காரரிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது.

சட்டத்தைக் கேட்டிருக்கிறீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், உரிமையில்லை என்று தெரிந்துகொண்டே ஒரு கணினிக்குள்ளோ அதிலுள்ள தகவலுக்குள்ளோ நுழைவதைக் குற்றமாக்குகிறது. அதிலுள்ள வரைவிலக்கணத்தின்படி உங்கள் போனும் கணினிதான். தண்டனை ஒரு இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். செய்தவர் நாட்டுக்கு வெளியே இருந்தாலும் சட்டம் பொருந்தும். ஆனால் போனை நீங்கள்தான் கையில் கொடுத்தீர்கள், பக்கத்திலும் இருந்தீர்கள். ஒழுங்குபடுத்தித் தரச் சொன்னது, தினமும் வாசிக்கச் சொன்னதாகுமா? ஆகாது என்று நான் நீதிமன்றத்தில் வாதிடுவேன். அப்பா சம்மதத்தோடுதான் செய்தேன் என்று மறுதரப்புச் சட்டத்தரணி வாதிடுவார். இரண்டு பேருக்கும் கட்டணம் கிடைக்கும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வங்கி, காப்புறுதி, வைத்தியசாலை, கடை என்று நம் விவரங்களைக் கையாளும் இடங்களுக்குக் கடிவாளமாக இயற்றப்பட்டது அது. ஆனால் தனியாள் ஒருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகச் செய்வதை அந்தச் சட்டமே வெளியே நிறுத்திவிட்டது. அதாவது உங்கள் வீட்டு வாசலோடு அது செருப்பைக் கழற்றி வெளியே இருந்துவிடுகிறது. அரசியலமைப்பிலும் அந்தரங்க உரிமை என்று தனியாக ஓர் உறுப்புரை இல்லை. 2015இல் 19ஆவது திருத்தத்தோடு வந்த தகவல் அறியும் உரிமைக்கு எல்லை போடும் இடத்தில்தான் அந்தரங்கம் என்ற சொல் எட்டிப்பார்க்கிறது. மிச்சம் இருப்பது நம் பழைய ரோமன் டச்சுச் சட்டம். ஒருவருடைய கண்ணியத்துக்குச் செய்யும் ஊறுக்கு அதில் பரிகாரம் கேட்கலாம். கேட்பதானால் கேட்க வேண்டியவர் உங்கள் நண்பர். புதுக்கடை நீதிமன்றத்தில் அந்த வழக்கு விளக்கத்துக்கு வருவதற்குள் உங்கள் பேத்தி பல்கலைக்கழகம் போய்விடுவாள்.

மகனை நீதிமன்றத்தில் நிறுத்தும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆகவே சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சரியென்று படுவதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய ஒரே கடிதத்துக்குள் இரண்டு முறைப்பாடுகள் கலந்து கிடக்கின்றன. எங்கே போகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது முழுக்க முழுக்க உங்களுடையது. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், திங்களுக்குக் கொடுத்து செவ்வாய்க்கு மறுக்கலாம். எவரும் உங்களைக் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் நண்பர் உங்களுக்கு அனுப்பிய குரல் உங்கள் உடைமை அல்ல. அது உங்களிடம் வைப்பில் இருப்பது. அவருடைய பிள்ளைகளுக்கு எப்போது, எந்த வார்த்தையில், யார் பக்கத்தில் இருக்கும்போது சொல்வது என்று அவர் யோசித்து வைத்திருப்பார். கொழும்பில் மஹரகம என்றால் மேலே எதுவும் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லும் நேரத்தைத் தெரிவு செய்வதுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது. அது போய்விட்டது. உங்கள் மகன் "அப்பாவின் போன்தானே" என்று நினைத்திருப்பார். உங்களுக்கு எழுதும் நண்பர்கள், சொந்தக்காரர், கோயில் ஐயர், கீழ்மாடி அம்மா, இவர்கள் ஒருவரும் அவருக்கு அனுமதி கொடுத்தவர்கள் அல்லர். நீங்கள் நினைத்தாலும் அந்த அனுமதியைக் கொடுக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், புள்ளியை விடுங்கள், அதற்கு அவசரமில்லை. டேப்லெட்டை இன்றே துண்டியுங்கள்.

புள்ளியைப் பற்றி இன்னொன்று. சோதனைச் சாவடி என்று எழுதியது உங்களுக்குச் சுருக்கென்று தைத்ததால் வந்த வார்த்தை. எனக்கும் அது புரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை விடுதிகளிலிருந்து நம்மவர்களை பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டதும் எங்கள் தலைமுறைச் சட்டத்தரணிகளுக்கு நேற்றுப் போல. இருப்பிடத்துக்கும் நோக்கத்துக்கும் பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டி வாழ்ந்தவர்களுக்கு, எங்கே போனாய் என்ற கேள்வி எந்த வாயிலிருந்து வந்தாலும் பழைய வாய்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் அதற்கு முந்திய வரியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1996 ஜனவரி 31. கோட்டையே புகைமண்டலம், தொலைபேசி இணைப்பு இல்லை, அப்பாவைக் காணவில்லை. ஒழுங்கை முனையில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். குண்டில் போனாரா, குண்டுக்குப் பிறகு பிடித்துக்கொண்டு போனார்களா என்று வீட்டில் பெரியவர்கள் மெல்லப் பேசியது அவன் காதில் விழாமலா இருந்திருக்கும்? அதே வருடம் ஜூலையில் தெஹிவளையில் புகையிரதத்தில் குண்டு. அந்தக் காலத்தில் அரை மணி நேரம் பிந்தி வந்தாலே வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிடும். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. தாயும் இல்லை. அவன் கையில், அப்பா எங்கே என்று கேட்டால் உடனே பதில் சொல்லும் ஒரு புள்ளி இருக்கிறது. அன்று ஒழுங்கை முனையில் நின்ற பையனுக்கு இது கிடைத்திருந்தால் என்ன கொடுத்திருக்க மாட்டான்?

நான் அவனுக்காக வழக்குப் பேசவில்லை. சாவடிக்காரன் உங்களை நம்பாமல் கேட்டான், உங்கள் பிள்ளை பயந்து கேட்கிறான். கேள்வி ஒன்றாக இருந்தாலும், நீங்கள் சொல்லும் பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் மேலே வலப்பக்கம் மூன்று புள்ளிகள். அதைத் தொட்டால் வரும் வரிகளில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்று ஒன்று, தமிழில் வைத்திருந்தால் இணைக்கப்பட்ட சாதனங்கள். அங்கே ஒவ்வொரு கருவியின் பெயரும் கடைசியாக எப்போது பயன்பட்டது என்பதும் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் மகனுடன் பேசும்போது நினைவுப் பிசகு வராது. பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு 'லொக் அவுட்' கொடுங்கள். அதன்பின் செட்டிங்ஸில் இரட்டைச் சரிபார்ப்பு என்ற பகுதியில் ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். மகனின் பிறந்த ஆண்டையும் வீட்டு இலக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே மீட்பு மின்னஞ்சல் கேட்கும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் அது யாருடையது என்று பாருங்கள்.

இதைச் செய்ய ஒருவருடைய உதவி தேவைப்பட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். திறந்த போனைக் கடையில் கொடுத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று வந்துவிடாதீர்கள். ஒரு நாற்காலியை எடுப்பதற்காக இன்னொன்றைப் போட்ட கதையாகிவிடும்.

துண்டித்த அன்றே மகனுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அவரே கண்டுபிடித்தால் அப்பா எதையோ மறைக்கிறார் என்ற பயம் வரும். பயந்தவர்கள் இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, மருமகளையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சொல்லாமல், அவர் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். என்ன சொல்வது என்று கேட்டால், நான் உங்கள் இடத்தில் இப்படித் தொடங்குவேன்: "தம்பி, நான் எங்கே இருக்கிறேன் என்று நீ பார்ப்பதில் எனக்குப் பெரிய குறையில்லை. ஆனால் எனக்கு வரும் செய்தியை இனி நீ பார்க்கக்கூடாது. அது என்னை நம்பி ஆட்கள் அனுப்புவது." அங்கேயே நிறுத்திவிடுங்கள். வடைக் கதையை இழுக்காதீர்கள், இழுத்தால் பேச்சு சீனி வருத்தத்துக்குப் போய், உங்களுக்கு மாத்திரை போட்டீர்களா என்று விசாரணை தொடங்கிவிடும்.

மருமகள் மீது கோபம் இருக்கும். அவர் அந்தப் பெண்ணை அழைத்தது தோழிக்குத் தெரியாமல் இருப்பது பாவம் என்று நினைத்துத்தான். நான் கண்ட குடும்ப வழக்குகளில் பெரும் புண்கள் நல்லெண்ணத்தோடு உண்டானவை. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் அவரிடம் கேட்க வேண்டியதை மகன் கேட்கட்டும்.

புள்ளியை வைத்திருப்பதா எடுப்பதா என்பதை இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு 'லொக்கேஷன் ஷேரிங்' என்ற வரிக்குப் போனால், யாருக்குத் தெரிகிறது என்று இருக்கும், அங்கேயே நிறுத்தலாம். முழுக்க வேண்டாம் என்றால் இடைவழியும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் போகும் நாளில், வைத்தியசாலைக்குப் போகும் நாளில் மட்டும் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பலாம். 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று நேரம் கேட்கும், நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். மகனுடைய உண்மையான பயம், நீங்கள் குளியலறையில் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்பது. அதற்குப் புள்ளி உதவாது. விழுந்தாலும் நடந்தாலும் வீட்டுக்குள் அது ஒரே இடத்தில்தான் நிற்கும். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். அது இலவசச் சேவை. பல புதிய போன்களில் பவர் பொத்தானை ஐந்து தடவை தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்புப் போகும்படி அமைக்கலாம், அதை மகனிடமே கேட்டுச் செய்யுங்கள், அவருக்கும் ஒரு வேலை கொடுத்ததாக இருக்கும். எல்லாவற்றையும்விட, வீட்டுச் சாவியின் பிரதி ஒன்றைக் கீழ்மாடியில் கொடுத்து வைத்து, அந்த அம்மாவின் தொலைபேசி இலக்கத்தை, அவருடைய சம்மதத்தோடு, மகனுக்கு அனுப்புங்கள். ரொறன்ரோவில் தெரியும் புள்ளியால் வெள்ளவத்தையில் கதவைத் திறக்க முடியாது.

கூகுள் கணக்கு கொஞ்சம் ஆறுதலாகச் செய்ய வேண்டிய வேலை. உங்கள் பெயரில் புதுக் கணக்கு, மீட்புக்கு உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கம். பழைய கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிப் பயனில்லை. மீட்பு இலக்கம் மகனுடையதாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் அவர் திரும்ப வரலாம். வங்கிச் செயலி இருந்தால் இதை இன்னும் பிற்போடாதீர்கள்.

இந்த இடத்தில், இதை வாசிக்கும் சில பெண்களுக்காக நான்கு வரி. எனக்கு இப்படி வரும் கடிதங்களில் பாதி, கணவன் போனைத் திறக்கச் சொல்கிறான், அல்லது திறக்காமலே எல்லாம் அறிந்திருக்கிறான் என்பவை. உங்களுக்கு அந்த ஆளிடம் பயம் இருந்தால், ஐயாவுக்குச் சொன்னபடி அன்றே துண்டிக்க வேண்டாம். துண்டித்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும். முதலில் இன்னொருவரின் போனிலிருந்து 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்தை அழையுங்கள். கண்காணித்து வதைப்பது அடியில்லை என்று ஒதுக்க வேண்டாம், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனரீதியான கொடுமையையும் கணக்கில் எடுக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

ஐயா, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. நண்பரை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. "நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை" என்று எழுதி அங்கேயே நின்றுவிட்டீர்கள். அது உண்மை. ஆனால் அதை அவரிடம் முதல் வரியாகச் சொல்லாதீர்கள். குற்றமற்றவன் என்று நிரூபிக்க வந்த ஆளை நோயாளியால் உபசரிக்க முடியாது.

அழைக்காதீர்கள், எடுக்க மாட்டார். குரற்செய்தி அனுப்பவே வேண்டாம். காலி வீதிக்கு ஏறி 100ஆம் இலக்க பஸ்ஸிலோ 101ஆம் இலக்க பஸ்ஸிலோ தெஹிவளைக்குப் போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ஒரு பகல் புள்ளி வீட்டிலேயே நிற்கட்டும். கதவு திறந்தால், "உன்னுடைய விஷயம் என் கையிலிருந்துதான் வெளியே போனது. எனக்குத் தெரியாமல் போனது. வழியை அடைத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். எப்படிப் போனது என்று அவர் கேட்டால் மட்டும் டேப்லெட் கதையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவருக்கு அது முக்கியமில்லை. அன்று அவர் பேசாமல் இருக்கலாம். அடுத்த கிழமையும் போங்கள். மஹரகம கிளினிக்கில் இலக்கம் எடுத்து உட்கார்ந்திருப்பது நீண்ட வேலை. பக்கத்தில் இருக்க ஓர் ஆள் தேவைப்படும் இடம் அது. பிள்ளைகள் கனடாவில்.

பேத்தியின் படங்கள். சொல்லாமல் விட நினைத்தேன், முடியவில்லை. அந்த 43 பேரில் எத்தனை பேருடைய வாட்ஸ்அப் எந்தெந்த மேசையில் திறந்து கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் நண்பரைப் போலவே அவளையும் எவரும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கும் வயது வந்திருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் தாயைக் கேளுங்கள். மருமகளோடு மறுபடி பேச்சைத் தொடங்க உங்களுக்கும் ஒரு காரணம் வேண்டுமே.

உங்கள் கடிதத்தை வெளியிடுமுன் வயதையும், நண்பர் இருக்கும் ஊரையும், இன்னும் ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். 1996ஐ மாற்றவில்லை, மாற்றினால் உங்கள் மகன் கதையில் இருக்க மாட்டார். உறையைப் பிரித்தது நானே. கடிதம் என் மேசை லாச்சியில் பூட்டியிருக்கிறது, அடுத்த வாரம் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். இந்தப் பதிலின் அச்சுப் பிரதி ஒன்றும் அதோடு வரும்.

அன்புடன்,
சட்டத்தரணி